சின்னப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்

— அதுவும் போச்சா?

— போகல, மா. அது நமக்கு இல்ல, அதான் மேட்டர். பேமெண்ட் சீட்டுன்னா வருஷா வருஷம் கட்டிக்கிட்டே இருக்கணும். நீ கார்மெண்ட்ஸ்ல ஓவர்டைம் மேல ஓவர்டைம் பாத்தாலும் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக் கூட வராது.

— கவர்மெண்டு சீட்டு?

— ரேங்கு வந்த அன்னைக்கே சொன்னேன்ல. ஃப்ரீ சீட்டெல்லாம் என் ரேங்குகிட்ட வர்றதுக்கு முன்னாடியே காலியாயிடும். போன வருஷம் எங்க போயி நின்னுச்சுன்னு லைப்ரரில பழைய பேப்பர் எடுத்துப் பாத்தேன். நான் ரொம்பப் பின்னாடி இருக்கேன்.

— பல்லு டாக்டருன்னு ஒண்ணு சொன்னியே, பாப்பா. அவுங்களும் டாக்டருதான?

— அது கெடச்சா குல்பர்கா பக்கம் எங்கயாவது கெடைக்கும். ஆனா சாமானெல்லாம் நம்ம காசுல வாங்கணுமாம். அப்புறம், எனக்குப் பல்லு வேணாம் மா. எனக்கு நெஞ்சு பாக்கணும்.

— பேங்குல லோனு கேக்கறேன்னியே.

— கேட்டேன். மேனேஜர் கன்னடத்துல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "சொந்த மனே இதியேனம்மா"ன்னாரு. நான் எழுந்து வந்துட்டேன்.

— வாடக வூடுன்னு சொன்னா இன்னா, அடிச்சிடுவாரா?

— அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. "பி.எஸ்சி. பண்ணும்மா, பொம்பளப் புள்ளைக்கு அதான் நல்லது"ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பினாரு.

— டீ குடுத்தாரா. நல்ல மனுஷன்.

— மா, மெஷின நிறுத்து. சத்தத்துல ஒண்ணும் பேச முடியல.

— இந்த ஒரு கையி முடிச்சிட்றேன். அடுத்த போர்ஷன் மௌரீன் அக்காவுக்குத் திங்கக்கெழம ப்ளவுசு குடுக்கணும். ம், நிறுத்திட்டேன். சொல்லு.

— மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அந்த மிஷன் காலேஜ்.

— அதுலதான் எழுத்துப் பரீட்ச பாஸாயிட்டல்ல? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு நான் சபையில சாட்சி கூடச் சொன்னேனே.

— டாக்டர் காலேஜுன்னா சொன்ன?

— காலேஜுன்னு மட்டும் சொன்னேன்.

— அதான பாத்தேன். சரி, கேளு. அங்க ஃபீஸு என் கான்வென்ட்ட விடக் கம்மி. அதனாலயே இந்தியா பூரா எழுதறாங்க. சீட்டு கையளவுதான். ஆனா ஏதாவது ஒரு சர்ச்சு, "இது எங்க புள்ள, படிச்சு முடிச்சா எங்க மிஷன் ஆஸ்பத்திரில வேல செய்யும்"னு லெட்டர் குடுத்துச்சுன்னா, அந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னு தனியா கொஞ்சம் சீட்டு வெச்சிருக்காங்க. லெட்டரோட இண்டர்வியூக்குப் போனா எனக்குச் சான்ஸ் இருக்கு. லெட்டர் இல்லன்னா சுத்தமா இல்ல. யோசிச்சுப் பாரு, அவ்ளோதான் வித்தியாசம்.

— லெட்டருதான? நம்ம பாஸ்டருகிட்ட கேக்கறேன். நல்லவரு. கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாரு.

— மாத்திர முழுங்கறது விசுவாசக் கொறச்சல்னு பிரசங்கம் பண்ற சபை, டாக்டருக்குப் படிக்க லெட்டர் குடுக்குமா?

— ம். ஆமா. அத்த யோசிக்கல.

— நம்ம பழைய சர்ச்சுதான் மா. அங்கதான் குடுப்பாங்க. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி ஒக்காருது.

— அங்க நாம இப்போ யாரு, பாப்பா? சந்தா கட்டி எத்தினி காலம் ஆச்சு. நான் சபையில முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன்னு தெரிஞ்ச அன்னிக்கே பேர அடிச்சிட்டாங்க.

— உன் பேரத்தான் அடிச்சாங்க. நான் மெம்பர். ஈஸ்டருக்கு முன்னாடி திடப்படுத்தல் எடுத்து மெம்பராயிட்டேன். கோச்சுக்காத மா. ஞாயித்துக்கெழம காலைல பயாலஜி டியூஷன்னு போனேன்ல, அது டியூஷன் இல்ல.

— தெரியும்.

— தெரியுமா? யாரு சொன்னாங்க, மௌரீன் ஆன்ட்டியா?

— யாரும் சொல்லல. டியூஷனுக்குப் போற புள்ள எங்கியாவது முக்காடு போட்டுக்கத் தோதா துப்பட்டா தேடுமா?

— அப்போ ஏன் கேக்கல?

— கேட்டா போறத நிறுத்திடுவ. அதான் கேக்கல. ஒத்தையிலயா போன இத்தினி நாளும்?

— ஒத்தையிலதான். கடைசி பெஞ்சு. எல்லாரும் குடும்பம் குடும்பமா வருவாங்க. பாட்டுப் புஸ்தகத்த அப்பா ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. நான் மட்டும் மொத்தப் புஸ்தகத்தையும் நானே புடிச்சுக்கிட்டு நிப்பேன். சரி விடு, அது இப்போ முக்கியம் இல்ல.

— அப்புறம் இன்னா? நீ மெம்பரு, மார்க்கு இருக்குது, குடுக்க வேண்டியதுதான லெட்டர?

— போதகர் ஐயா குடுக்கலாம்னுதான் சொல்றாரு. கமிட்டி செக்ரெட்டரிதான் ஒத்துக்க மாட்டேங்கறாரு. அவரு கையெழுத்து இல்லாம லெட்டர் வெளிய வராது.

— யாரு செக்ரெட்டரி இப்போ?

— சின்னப்பா அங்கிள்.

— எந்தச் சின்னப்பா? மைன்ஸ்ல உங்கப்பாவோட ஒரே ஷிப்டு பாத்த சின்னப்பாவா? கோலாருலருந்து எப்ப வந்தாரு?

— ரிடையர் ஆயி மகனோட ஃபிரேசர் டவுன்ல இருக்காரு. அப்பாவும் அவரும் ஒரே கூண்டுல சுரங்கத்துக்குள்ள எறங்குவாங்களாம். என்னப் பாத்தா அப்பா மூஞ்சி அப்பிடியே இருக்குன்னாரு. சொல்லிட்டு உடனே அதயும் சொன்னாரு.

— எத்த?

— வேணாம் மா.

— சொல்லு. நான் கேக்காததா.

— "புருஷனுக்கு மருந்து குடுக்காம சாவ விட்ட வீடு. அந்த வீட்டுக்கு நாங்க டாக்டர் சீட்டு எழுதிக் குடுக்கணுமா"ன்னாரு. போதகர் ஐயா முன்னாடியே.

— ம். நீ இன்னா சொன்ன?

— என்ன சொல்றது, மா? அவரு சொன்னது தப்பா?

— தப்புன்னு நான் சொல்லலியே. இப்போ இன்னா பண்ணணுமாம்?

— நீ நாளைக்கு சர்ச்சுக்கு வரணும். திருவிருந்துல அப்பம் வாங்க மண்டி போடணும். அப்புறம் கமிட்டி முன்னாடி ஒக்காந்து, நான் பண்ணது தப்பு, மருந்து குடுத்திருக்கணும்னு உன் வாயால சொல்லணும். அப்போதான் குடும்பத்தத் திரும்பச் சேத்துக்குவாங்க. அப்போதான் லெட்டர். எனக்குத் தெரியும் மா, இது சபைக்குத் தெரிஞ்சா உன்ன...

— தெரியாம இருக்காது. லிங்கராஜபுரத்துல ஒருத்தி வேற சர்ச்சுல மண்டி போட்டான்னா, அவ எழுந்துக்கறதுக்குள்ள பாஸ்டருக்குச் சேதி போயிடும். அதோட ஒரு சிஸ்டரும் இந்த வாசப்படி ஏற மாட்டாங்க. ரோட்டுல பாத்தாலும் அந்தப் பக்கமா போயிடுவாங்க.

— அதான் நான் என்ன சொல்ல வரேன்னா...

— வர்றேன்.

— என்ன?

— நாளைக்கு வர்றேன்னு சொன்னேன். எத்தினி மணிக்கு ஆராதன?

— இவ்ளோதானா? நான் என்னென்னமோ பேசணும்னு யோசிச்சு வெச்சுக்கிட்டு வந்தேன்.

— பாவம், வேஸ்ட்டாயிடுச்சு. வெச்சுக்கோ, வேற எதுக்காவது ஆவும்.

— மௌரீன் ஆன்ட்டிகிட்ட ஒரு பச்ச பொடவ கேட்டு வெச்சிருக்கேன். நீ சபைக்காரங்க கட்டற வெள்ளையில வந்து நின்னா, அவங்க ஆளு வேவு பாக்க வந்திருக்குன்னு நெனப்பாங்க.

— பச்சையா? மௌரீன் அக்கா ஒசரத்துக்கு அது எனக்குத் தரையக் கூட்டும். கம்மலும் கேட்டு வெச்சிருக்கியா?

— கேட்டேன்.

— வேணாம். சபையில நக போடக் கூடாதுன்னு கழட்டினது, காதுல ஓட்ட தூந்து எந்தக் காலமோ ஆச்சு. பொடவ போதும். இன்னா சொல்லணும், இப்பிடிச் சொன்னா சரியா இருக்குமான்னு கேளு. "ஐயா, நான் தப்புப் பண்ணிட்டேன். ஜெபம் பண்ணா போதும்னு நெனச்சி என் புருஷனுக்கு மருந்து குடுக்காம உட்டுட்டேன். என்னை மன்னிச்சி சேத்துக்கங்க." போதுமா, இன்னும் கொஞ்சம் போடணுமா?

— எப்பிடி மா இவ்ளோ லேசா சொல்ற? பஸ்ஸுக்கு டிக்கெட் கேக்கற மாதிரி.

— நீதான சொல்லச் சொன்ன.

— சொல்லச் சொன்னேன். ஆனா இத்தன வருஷமா நான் ஒரு வாட்டி கூட உங்கிட்ட இதக் கேட்டதில்ல. அப்பா அந்தக் கட்டில்ல ஒக்காந்துக்கிட்டு மூச்சுக்கு அல்லாடுவாரு. நீ பக்கத்துல மண்டி போட்டிருப்ப. நான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு நெஞ்சு பாக்கற டாக்டர் ஆகணும்னு தோணினதே அங்கதான். உன் மேல இருந்த கோவத்துல.

— கோவம் இருக்கும். எனக்குத் தெரியாதா.

— ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லணும்.

— நாளைக்கு வெடிகால எழுந்துக்கணும், பாப்பா. படுத்துக்கோ.

— ஏழாவது படிக்கறப்போ எனக்கு டைபாய்டு வந்துச்சு. சிஸ்டருங்கல்லாம் சுத்தி ஒக்காந்து பாடுவாங்க. அவங்க போனதும் நீ ஒரு ஸ்பூன் தேன் குடுப்ப. ஜெபம் பண்ண தேன்னு சொல்லுவ.

— ஆமா. அதுக்கு இன்னா?

— கசந்துச்சு, மா. தேன் கசக்காது.

— பழைய தேனா இருந்திருக்கும்.

— மாத்திரயப் பொடிச்சுக் கலந்திருக்க. அப்போ தெரியல. பிளஸ் டூல ஜுரம் வந்து அதே மாத்திரய ஒடச்சு வாயில போட்டேன் பாரு, அதே கசப்பு. நீ சபைக்குத் தெரியாம மெடிக்கல் ஷாப்புக்குப் போயி வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்திருக்க. எனக்குக் குடுத்த கையி, அப்பாக்கு ஏன் குடுக்கல?

— அவுரு போனதுக்கப்புறம் புத்தி வந்துச்சின்னு வெச்சிக்கோ.

— வெச்சுக்க மாட்டேன். என்னப் பாத்துச் சொல்லு.

— உன்னப் பாத்துச் சொல்ல முடியாமதான இத்தினி வருஷம் மெஷினப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன்.

— மா.

— உங்கப்பாதான் வேணான்னாரு.

— என்ன வேணான்னாரு?

— எல்லாத்தியும். மாத்திர, ஊசி, சிலிண்டரு. மைன்ஸ்ல வேல வேணான்னு வாலண்டரி எழுதிக் குடுத்துட்டு வந்தப்போ ஒரு பணம் குடுத்தாங்க. அத்த பேங்குல போட்டு வெச்சிக்கினு இந்த வூட்டுக்கு வந்தோம். மாசா மாசம் அதுலருந்து எடுத்து எடுத்து மருந்துக்குப் போச்சு. ஒரு நாளு ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரு சொன்னாரு, இது கல்லுத் தூசு, நெஞ்சுல ஒறைஞ்சிடுச்சி, கொஞ்ச நாளு இழுக்கலாம், சரி பண்ண முடியாதுன்னு. வூட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டு உங்கப்பா சொன்னாரு. "இழுக்கறதுக்கு அந்தப் பணம் வேணாம், ஜோசபின். பாப்பா இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போவட்டும்"ன்னாரு.

— நீ சரின்னுட்டியா?

— சரின்னுவனா? சண்ட போட்டேன். கால்ல உழுந்தேன். தேன்ல கொழச்சிக் குடுக்கற வேல உனக்குப் பண்றதுக்கு முன்ன அவுருக்குத்தான் பண்ணேன். மொத வாயிலயே கண்டுபுடிச்சி துப்பிட்டாரு.

— அப்போ சின்னப்பா அங்கிளுக்கு ஏன்...

— அவுருகிட்ட சொன்னதும் உங்கப்பாதான். சின்னப்பா ஷிப்டு ஆளுங்ககிட்டல்லாம் துட்டு சேத்துக்கினு கோலாருலருந்து ரயிலேறி வந்தாரு, மருந்துக்குன்னு. அந்த மனுஷனுக்குத்தான் யாருகிட்டயும் கை நீட்டத் தெரியாதே. சும்மா வேணான்னா சின்னப்பா உட மாட்டாரு. அப்ப நான் பக்கத்து வூட்டு சிஸ்டரோட ரெண்டு வாட்டி சபைக்குப் பாட்டு கேக்கப் போயிருந்தேன். அத்த புடிச்சிக்கினாரு. "என் பொண்டாட்டி மருந்து ஆவாதுங்கறா, சின்னப்பா. விசுவாசமாம். நான் இன்னா பண்றது"ன்னாரு. நான் அடுப்பாண்ட நின்னுக்கினு கேட்டேன்.

— அங்கயே சொல்லிருக்கலாம்ல, நான் அப்பிடிச் சொல்லலன்னு?

— மூச்சு வாங்கி வாங்கிப் பேசறவன எப்பிடி பாப்பா பொய்யன்னு சொல்றது? சின்னப்பா திரும்பி என்ன ஒரு பார்வ பாத்தாரு. துட்ட எடுத்துக்கினு எழுந்து போயிட்டாரு. உங்கப்பா அன்னிக்கி ராத்திரி எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. கேட்டாரு, ஆனா சின்னப்பாவுக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். போடல. எனக்கு அந்தக் கோவம் இன்னும் போவல.

— அப்போ நீ சபைக்குப் போனது?

— அவுர அடக்கம் பண்ணதுக்கப்புறம் சர்ச்சுல எவளும் என் பக்கத்துல ஒக்காரல. பெஞ்சு நெறைய எடம் இருக்கும், நான் மட்டும் இருப்பேன். சபையில அப்பிடி இல்ல. "சிஸ்டர், உங்க விசுவாசம் பெருசு"ன்னு கட்டிப் புடிச்சிக்கினாங்க. செய்யாத காரியத்துக்கு ஒரு எடத்துல பழி, இன்னொரு எடத்துல புகழ். புகழுற எடத்துல போயி ஒக்காந்துட்டேன். தப்புதான். ஆனா ஒரு ஞாயித்துக்கெழம நான் போவலன்னா, ஏன் வரலன்னு கேக்கறதுக்கு அவுங்கதான் இருந்தாங்க.

— மா, நாளைக்கு நான் எல்லாத்தயும் சொல்லிடறேன். கமிட்டி முன்னாடியே சொல்றேன்.

— சொன்னா நம்புவாரா?

— உண்ம தான மா.

— செத்தவன் மேல பழி போட்டு சீட்டு வாங்க வந்திருக்காங்க, ஆயியும் பொண்ணும்னு எழுந்து போயிடுவாரு. சரி, நம்பிட்டாருன்னே வெச்சிக்கோ. ஒரே கூண்டுல எறங்கின கூட்டாளி தங்கிட்ட பொய் சொல்லி அனுப்பிட்டான், கையில இருந்த துட்ட வாங்கிக்காம செத்துப் போனான்னு இந்த வயசுல அந்த மனுஷன் தெரிஞ்சிக்கினு இன்னா பண்றது? அதுக்கப்புறம் பேனா புடிக்க அவுருக்குக் கையி வருமா?

— அப்போ நீ? யோசிச்சுப் பாரு. சபை இருக்காது. சர்ச்சுல இதச் சொன்னப்புறம் உன் பக்கத்துல யாரு ஒக்காருவாங்க? நானும் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்.

— மெஷினு இருக்குது. சொவத்துக்கு அந்தப் பக்கம் மௌரீன் அக்கா ரேடியோ இருக்குது.

— பயமா இல்லியா மா?

— இருக்குது. மத்த நாள்ல ஒண்ணும் தெரியாது, கார்மெண்ட்ஸ்ல சூப்ரவைசரு நெனக்க உட மாட்டான். ஞாயித்துக்கெழமதான். அன்னிக்கித்தான் இன்னா பண்றதுன்னு தெரியல.

— நான் போகல. பி.எஸ்சி.யே பண்றேன். பேங்க் மேனேஜர் சொன்ன மாதிரி.

— பண்ணு. பண்ணிட்டு உங்கப்பா கல்லறைக்குப் போயி சொல்லு, நீ மூச்ச உட்டு வாங்கிக் குடுத்த படிப்பு இதோட போதும்னு. என்னால சொல்ல முடியாது.

— அப்பிடிப் பேசாத.

— பின்ன எப்பிடிப் பேசறது? அழுவாத. எழுந்து மூஞ்சி கழுவிக்கினு வா. வந்து எதுக்க ஒக்காரு. நாளைக்கு என்ன மட்டும் கேட்டுட்டு உட மாட்டாரு. ஆயி சொல்லிக் குடுத்துப் பேசறான்னு நெனச்சி உன்னயும் கேப்பாரு. இப்பவே சொல்லிப் பாத்துடலாம்.

— என்ன சொல்லிப் பாக்கறது?

— நான்தான் சின்னப்பா. கேக்கறேன், பதில் சொல்லு. "ஏம்மா பவுலின், உங்கப்பா எப்பிடிம்மா போனாரு?"

— நோய்ல போனாரு, ஐயா. நெஞ்சு நோய்.

— "நோய் எங்க எல்லாருக்குந்தாம்மா இருந்திச்சி. மருந்து சாப்புட்டு நான் உசுரோட ஒக்காந்திருக்கேனே. அவன் ஏன் இல்ல?"

— மா, என்னால முடியாது.

— முடியும். எத்தினி வருஷமா மனசுக்குள்ள சொல்லிக்கினே இருந்த வார்த்ததான அது? நேத்து வரைக்கும் உனக்கு அது உண்ம. அதே மாதிரி சொல்லு.

— இன்னைக்கு அது உண்ம இல்லியே.

— அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். தல குனியாத, குனிஞ்சா பொய்யின்னு கண்டுபுடிச்சிடுவாரு. நாளைக்கும் நான் உன் பக்கத்துலயேதான் ஒக்காந்திருப்பேன், என்னப் பாத்தே சொல்லு. "சொல்லும்மா. உங்கப்பா சாவுக்கு யாரும்மா காரணம்?"

— எங்க அம்மாதான், ஐயா.